மலேரியா ஒட்டுண்ணி இரண்டாகப் பிரிவதில்லை

மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்களுக்கு ஒட்டுண்ணியியல் கற்பித்துவரும் எனக்கு, பாடநூல்களில் அச்சிடப்படும் மலேரியா வாழ்க்கைச் சுழற்சிப் படத்தின் மீது நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. கொசு, கல்லீரல், சிவப்பணு என்று மூன்று வட்டங்களை வரைந்து அம்புக்குறிகளால் இணைத்திருப்பார்கள். சிவப்பணு வட்டத்தில் முதலில் ஒரு வளையம், அடுத்து ஒரு தடித்த உருவம், அதன்பின் புள்ளிகள் நிறைந்த ஓர் உருண்டை என்று வரிசையாக வரும். அந்தத் தடித்த உருவத்துக்கும் புள்ளி உருண்டைக்கும் நடுவே போட்டிருக்கும் சிறிய அம்புக்குறிக்குள்தான் நோயின் வேகம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதையும், அங்கே நடப்பது நாம் பள்ளியில் படித்த செல் பிரிதலின் ஒழுங்கைச் சற்றும் பின்பற்றாத ஒன்று என்பதையும் அந்தப் படம் சொல்வதில்லை.

பள்ளிப் பாடத்தின்படி ஒரு செல் தன் டி.என்.ஏ.வை ஒருமுறை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். உட்கருவின் உறை கரையும். குரோமோசோம்கள் தடித்துத் திரண்டு நடுவில் அணிவகுக்கும். இரு பக்கமும் இழுபட்டுப் பிரியும். பிறகு உடலும் நடுவில் இறுகி இரண்டாகும். உட்கருவின் பிரிவும் உடலின் பிரிவும் இங்கே ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டாயம் வரும். மலேரியா ஒட்டுண்ணி இந்தக் கட்டாயத்தை உடைத்துவிட்டது. அது உட்கருக்களை மட்டும் பெருக்கிக்கொண்டே போய், உடலைப் பிரிக்கும் வேலையைக் கடைசிவரை தள்ளிப்போட்டு, முடிவில் ஒரே தடவையில் பல துண்டுகளாகத் தன்னை வெட்டிக்கொள்கிறது. ஆங்கிலப் பாடநூல்கள் இதை ஸ்கைசோகனி என்று அழைக்கின்றன.

இங்கே நான் விவரிப்பது, மனிதரைத் தாக்கும் பிளாஸ்மோடியம் என்ற மலேரியா ஒட்டுண்ணியின் இனங்களுள் மிகக் கொடியதான ஃபால்சிபாரத்தை. அது அதிக உயிர்களைப் பறிப்பது ஒரு காரணம். அதைச் சோதனைக்கூடத்தில் வளர்க்க முடிகிறது என்பது இன்னொரு காரணம். 1976ஆம் ஆண்டு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிரேகரும் ஜேம்ஸ் ஜென்சனும், மனித ரத்தத்தோடு ஊட்டக் கரைசலைக் கலந்து, மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி ஆக்ஸிஜனைக் குறைத்து, அந்தக் காற்றில் ஃபால்சிபாரத்தை இடைவிடாமல் வளர்த்துக் காட்டினார்கள். வைவாக்ஸ் இனத்தை இன்றுவரை அப்படித் தொடர்ந்து வளர்க்க முடியவில்லை. ஆகவே சிவப்பணுவுக்குள் நடப்பதைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி ஃபால்சிபாரத்தின் வழியாகவே வந்தது.

சிவப்பணுவுக்குள் நுழையும் உருவமான மீரோசோயிட்டு ஏறத்தாழ ஒன்றரை மைக்ரோமீட்டர் நீளமே உடையது. அது சிவப்பணுவைத் தொட்டு, தன் கூர்நுனி அணுவின் பரப்பை நோக்கும்படி புரண்டு, உள்ளே புகுந்துவிட ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே ஆகிறது. நுழையும்போதே அணுவின் படலத்தை உள்நோக்கி மடித்துத் தன்னைச் சுற்றி ஒரு பையாக்கிக்கொள்வதால், அதன் பிற்பாடான வாழ்க்கை முழுவதும் அந்தப் பைக்குள்தான் நடக்கும். முதல் இருபது மணி நேரத்துக்கு அது மெல்லிய வளையமாகவே தெரிகிறது. வெளிப்பார்வைக்கு அப்போது பெரிதாக எதுவும் நடப்பதில்லை.

அடுத்து வருவது உணவுக் காலம். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, புரதம் செய்யும் கருவிகளும் இல்லை. ஈமோகுளோபினை நிரப்பி வைத்த ஒரு பை என்றே அதைச் சொல்லலாம். ஒட்டுண்ணி அந்த ஈமோகுளோபினில் பாதிக்கும் மேலானதை விழுங்கிச் செரிக்கிறது. செரிமானத்தில் மிஞ்சும் ஹீம் நச்சுத்தன்மை உடையது என்பதால் அதைக் கரையாத படிகங்களாக்கி ஒதுக்கி வைக்கிறது. நுண்ணோக்கியில் பழுப்பும் கறுப்புமாகத் தெரியும் மலேரியா நிறமி இதுதான். ஆனால் ஈமோகுளோபினை மட்டும் தின்று அதனால் பெருக முடியாது. பெரியவர்களின் ஈமோகுளோபினில் ஐசோலியூசின் என்ற அமினோ அமிலம் கிடையாது. அதைச் சிவப்பணுவுக்கு வெளியே உள்ள பிளாஸ்மாவிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். டி.என்.ஏ.வைக் கட்டத் தேவையான பியூரின்களைத் தானே தயாரிக்கும் திறனும் ஒட்டுண்ணிக்கு இல்லை. அவற்றையும் மனிதனிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. இதற்காகவே அது சிவப்பணுவின் படலத்தில் புதிய கடவழிகளைத் திறந்து வைக்கிறது. இந்த ஊட்டக் கணக்கை இங்கே எழுதுவதற்குக் காரணம், எத்தனை உட்கருக்கள் உருவாகும் என்ற கேள்விக்கு இதோடு நேரடித் தொடர்பு இருப்பதுதான்.

நுழைந்து ஏறத்தாழ முப்பது மணி நேரம் ஆன பிறகு டி.என்.ஏ. இரட்டிப்பு தொடங்குகிறது. ஃபால்சிபாரத்துக்கு 14 குரோமோசோம்கள். மொத்தம் 2 கோடியே 30 லட்சம் எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. 2002இல் இந்த மரபுத்தொகுதி முழுமையாக வாசித்து வெளியிடப்பட்டபோது, டி.என்.ஏ.வின் நான்கு வகை எழுத்துகளுள் ஏ, டி என்ற இரண்டு மட்டுமே ஏறத்தாழ 80 விழுக்காடு இருந்தது தெளிவாகத் தெரிந்தது. இந்தக் குரோமோசோம்கள் பிரிவின்போதும் நம் செல்களில் போலத் தடித்துத் திரள்வதில்லை. அதனால் அவை 14 என்பதை நுண்ணோக்கியில் எண்ணிச் சொல்ல முடியாமல், மின்புலத்தைத் திசை மாற்றி மாற்றிச் செலுத்தி ஜெல்லில் டி.என்.ஏ.வைப் பிரித்துப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

உட்கருவின் உறை எந்தக் கட்டத்திலும் கரைவதும் இல்லை. உறையின் ஓரிடத்தில், குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்களை முளைக்கச் செய்யும் மையம் ஒன்று அமர்ந்திருக்கிறது. மனித செல்லில் அந்த மையத்துக்குள் சென்ட்ரியோல் என்னும் உருளை வடிவ உறுப்புகள் இருக்கும். சிவப்பணுவுக்குள் வாழும் ஒட்டுண்ணியில் அவையும் கிடையா. அந்த மையத்திலிருந்து முதலில் விசிறி போல ஒரு பக்கமாக நுண்குழல்கள் உட்கருவுக்குள் நீள்கின்றன. பிறகு மையம் இரண்டாகி, இரண்டும் விலகி, அவற்றுக்கிடையே கதிர் அமைப்பு உருவாகி, உறை கிழியாமலேயே உட்கரு நீண்டு இரண்டாகிறது. இதற்குப் பிறகு உடல் பிரிய வேண்டிய இடத்தில் அது நடக்காமல், இரண்டு உட்கருக்களும் ஒரே சைட்டோபிளாசத்தில் மிதந்தபடி அடுத்த சுற்றுக்குப் போகின்றன.

என் மனக்குறையின் மையம் இந்த அடுத்த சுற்றில் இருக்கிறது. பாடநூல் படங்களைப் பார்த்தவர்கள் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று உட்கருக்கள் ஒருமித்துப் பெருகுவதாகவே நினைப்பார்கள். பொதுவான சைட்டோபிளாசத்தில் மிதக்கும் உட்கருக்களுக்கு ஒரே வேதிச் சைகைதானே கிடைக்கும், அவை ஏன் வெவ்வேறு நேரத்தில் பிரிய வேண்டும் என்ற ஐயமும் நியாயமானதே. பழ ஈயின் இளங்கருவில் ஒரே சைட்டோபிளாசத்துக்குள் முதல் பதின்மூன்று சுற்றுகளும் ஒருசேரத்தான் நடக்கின்றன. மலேரியா ஒட்டுண்ணியில் அப்படி நடப்பதில்லை. ஒரு உட்கரு டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்கிக்கொண்டிருக்கும்போதே அதன் உடன்பிறந்த உட்கரு சும்மா இருக்கும். மூன்றாவது ஒன்று பிரிந்துகொண்டிருக்கும். எனவே ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மூன்று, ஐந்து, ஏழு என்று எந்த எண்ணிக்கையிலும் உட்கருக்களைக் காணலாம்.

சாயமிட்ட சிலைடுகளில் ஒற்றைப்படை எண்ணிக்கை தெரிவது பழைய செய்திதான். ஆனால் அது உண்மையான நேரவேறுபாடா, அல்லது ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் உட்கருக்களை நாம் தவறவிடுகிறோமா என்பதை உயிருள்ள ஒட்டுண்ணியில் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவினர் 2022இல் இதைச் செய்து வெளியிட்டார்கள். டி.என்.ஏ. இரட்டிப்பில் பங்கேற்கும் பி.சி.என்.ஏ. என்ற புரதத்தில் ஒளிரும் குறி ஒன்றை இணைத்துவிட்டால், எந்த உட்கருவில் இரட்டிப்பு நடக்கிறதோ அந்த உட்கருவில் மட்டும் அந்த ஒளி குவியும். இரட்டிப்பு முடிந்ததும் கலைந்துவிடும். ஒரே ஒட்டுண்ணிக்குள் ஒளி ஓர் உட்கருவில் ஏறி, அடங்கி, வேறோர் உட்கருவில் ஏறுவதை மணிக்கணக்கில் படம்பிடித்தபோது, பொதுவான சைட்டோபிளாசத்தில் இருந்தும் ஒவ்வோர் உட்கருவும் தன் நேரத்துக்கே இயங்குகிறது என்பது ஐயமின்றித் தெரிந்தது. பல உட்கருக்கள் ஒரே நேரத்தில் இரட்டிப்பில் இறங்கினால் ஒவ்வொன்றின் வேகமும் குறைகிறது என்பதையும் அவர்கள் கண்டார்கள். கூட்டுக் குடும்பத்தில் இருப்பது ஒரே அடுப்பு என்றால் ஆளுக்கொரு நேரத்தில் சமைப்பதே எல்லோருக்கும் விரைவு. ஏதோ ஒரு பொதுப் பொருள் போதாமல் இருப்பதால் உட்கருக்களுக்கும் நேரம் மாறி இயங்குவதே ஆதாயம் என்பது அந்த ஆய்வின் முடிவு. இதை ஒழுங்கீனம் என்று சொல்ல எனக்குத் தயக்கம். வேகத்துக்காகத் தேர்ந்துகொண்ட ஒழுங்கு என்றே எனக்குப் படுகிறது.

இந்த நுண்விவரங்களைக் காண உதவிய இன்னொரு முறையைப் பற்றியும் ஓரிரு வரிகள் எழுதிவிடுகிறேன். ஒட்டுண்ணியின் உட்கரு ஒரு மைக்ரோமீட்டர் அளவே இருப்பதால் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் நுண்குழல்களைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடியாது. அதற்காக ஆய்வாளர்கள் மாதிரியை ஒரு கூழுக்குள் பதித்து, நீரில் ஊறவைத்து நான்கு மடங்குக்கும் மேல் விரியச் செய்கிறார்கள். ஒட்டுண்ணியும் உருக்குலையாமல் சேர்ந்தே விரிகிறது. குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தை உறிஞ்சும் பொருளின் வகையைச் சேர்ந்ததுதான் அந்தக் கூழும். விலையுயர்ந்த கருவி வாங்க முடியாத ஆய்வகங்களுக்கும் எட்டக்கூடிய முறை இது என்பதால், நம் ஊர்க் கல்லூரிகளிலும் இதை முயன்று பார்க்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு.

பெருக்கம் எங்கே நிற்கிறது? ஃபால்சிபாரத்தில் ஒரு சிவப்பணுவிலிருந்து பொதுவாக 16 முதல் 32 வரை மீரோசோயிட்டுகள் கிடைக்கின்றன. வைவாக்ஸில் 12 முதல் 24 வரை. மலேரியே இனத்தில் 6 முதல் 12 வரை. ஒரே இனத்துக்குள்ளும் அணுவுக்கு அணு எண்ணிக்கை மாறுபடுவதால், நிறுத்தும் சைகை எங்கிருந்து வருகிறது என்பது நல்ல கேள்வி. நேரம் முடிந்ததும் நின்றுவிடுகிறது என்றால், அதிக நேரம் எடுத்துக்கொண்ட ஒட்டுண்ணியில் அதிக மீரோசோயிட்டுகள் இருக்க வேண்டும். ஹைடெல்பெர்க்கிலிருந்தே 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு அப்படிப்பட்ட தொடர்பு இல்லை என்று காட்டியது. நேரத்தைவிட எண்ணிக்கையையே ஒட்டுண்ணி ஏதோ ஒரு வகையில் கணக்கு வைத்துக்கொள்கிறது என்பது அதன் வாதம். ஊட்டக் கரைசலை நீர்க்கச் செய்தால் மீரோசோயிட்டுகளின் எண்ணிக்கை குறைந்தது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. இதற்கு முன்பே, 2017இல் லிஸ்பனைச் சேர்ந்த குழுவினர், உணவு குறைக்கப்பட்ட எலிகளின் உடலில் எலி மலேரியா ஒட்டுண்ணி குறைவாகவே பெருகுகிறது என்பதையும், ஊட்டநிலையை உணர்ந்து அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் கைனேஸ் நொதி ஒன்று ஒட்டுண்ணியில் இருப்பதையும் காட்டியிருந்தார்கள். எதையும் திட்டமிடாமல் கண்மூடித்தனமாகப் பெருகும் உயிரி என்று இதை எண்ண இனி இடமில்லை.

உள்ளே உட்கருக்கள் தத்தம் நேரத்தில் இயங்கினாலும், நோயாளியின் உடலில் கோடிக்கணக்கான ஒட்டுண்ணிகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முதிர்ந்து வெடிப்பதுதான் இந்த நோயின் விந்தை. முறைக்காய்ச்சல் என்று நம் முன்னோர்கள் அறிந்த இந்தக் காய்ச்சலின் முறைக்கு விளக்கம் தந்தவர் இத்தாலியின் பவியா நகரில் பணியாற்றிய கமிலோ கோல்ஜி. அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் 1880 நவம்பர் 6ஆம் நாள் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லாவெரான் இந்த ஒட்டுண்ணியை முதன்முதலில் நோயாளியின் ரத்தத்தில் கண்டார். அதன்பின் 1885, 1886 ஆண்டுகளில் கோல்ஜி, நோயாளிகளின் ரத்தத்தை நாள்தோறும் எடுத்துப் பார்த்து, ஒட்டுண்ணி வளர்ந்து பூவிதழ்போல அடுக்கடுக்காகப் பிரிந்து சிதறும் நேரமும் குளிர் நடுக்கம் தொடங்கும் நேரமும் ஒன்றியிருப்பதை நிறுவினார். மூன்றாம் நாள் முறைக்கும் நான்காம் நாள் முறைக்கும் வெவ்வேறு இனங்களே காரணம் என்பதையும் பிரித்துக் காட்டினார். ஃபால்சிபாரத்துக்கும் வைவாக்ஸுக்கும் 48 மணி நேரம், மலேரியே இனத்துக்கு 72 மணி நேரம், தென்கிழக்காசியாவில் குரங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோலஸி இனத்துக்கு 24 மணி நேரம் என்று சுழற்சிகள் அமைந்துள்ளன. கோல்ஜிக்கு நோபல் பரிசு கிடைத்தது நரம்பு மண்டல ஆய்வுக்காக. மலேரியாவில் அவர் செய்ததும் அதற்குச் சற்றும் குறைந்ததில்லை என்பது என் கருத்து.

இந்த 48 மணி நேரத்தை மனித உடலின் பகல் இரவுச் சுழற்சி நடத்துகிறதா, ஒட்டுண்ணியின் சொந்தக் கடிகாரம் நடத்துகிறதா என்பது நெடுங்கால வழக்கு. உடலுக்கு வெளியே வளர்க்கும்போது சில சுழற்சிகளிலேயே அவை ஒன்றுக்கொன்று நேரம் பிசகிப்போவதால், நடத்துவது உடலே என்று பலர் நம்பினார்கள். ஆய்வகங்களில் அவற்றை மறுபடி ஒருமுகப்படுத்த 1979 முதல் சார்பிட்டால் கரைசலைப் பயன்படுத்துகிறோம்: முதிர்ந்த ஒட்டுண்ணிகள் திறந்து வைத்த கடவழிகளால் கரைசல் உட்புகுந்து அந்தச் சிவப்பணுக்கள் வெடித்துவிட, வளைய நிலையில் உள்ளவை மட்டும் மிஞ்சும். 2020இல் வெளியான இரண்டு ஆய்வுகள், ஒட்டுண்ணியின் மரபணுக்கள் தாமாகவே ஒரு தாளத்தில் இயங்குகின்றன என்பதற்கு வலுவான சான்றுகளைத் தந்தன. உடலின் சைகைகள் அந்தத் தாளத்தை ஒத்திசைக்கின்றன என்று இரண்டு தரப்பையும் சேர்த்துப் புரிந்துகொள்வதே இப்போதைக்குச் சரியாகத் தோன்றுகிறது.

உடல் பிரியும் கட்டத்தில் அதுவரை இருந்த நேரவேறுபாடு மறைந்துவிடுகிறது. கடைசிச் சுற்று உட்கருப் பிரிவும் மீரோசோயிட்டுகள் உருவாவதும் சேர்ந்தே, எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒவ்வோர் உட்கருவின் மேலும் ஒரு புதிய மீரோசோயிட்டின் கூர்நுனி உருவாகிறது. அங்கிருந்து உள்ளடுக்குப் படலம் ஒன்று கீழ்நோக்கி வளர, அதன் விளிம்பில் புரதங்களால் ஆன ஒரு வளையம் முதலில் விரிந்து, பிறகு சுருங்கி, உட்கருவையும் பிற உறுப்புகளையும் உள்ளடக்கி அடியில் மூடிக்கொள்கிறது. ஒட்டுண்ணிக்கு ஒரே ஒரு மைட்டோகாண்ட்ரியானும், பாசியினத்திலிருந்து வந்த ஏபிகோபிளாஸ்ட் என்ற ஒரே உறுப்பும்தான் உண்டு. இரண்டும் கிளைகிளையாகப் படர்ந்து, முதலில் ஏபிகோபிளாஸ்டும் பிறகு மைட்டோகாண்ட்ரியானும் துண்டாகி, ஒவ்வொரு மீரோசோயிட்டுக்கும் ஒவ்வொன்று சேர வேண்டும். யாருக்கும் பங்கிட்டுக் கொடுக்கப்படாமல் நடுவில் எஞ்சுவது நிறமிப் படிகங்கள் அடங்கிய ஒரு குப்பை உருண்டை.

வெளியேறுதல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பி.கே.ஜி. என்ற கைனேஸ் நொதி சைகை கொடுத்ததும், சப்-1 என்ற புரதச்சிதைப்பி சுற்றியுள்ள பைக்குள் விடுவிக்கப்படுகிறது, பை கிழிகிறது, பிறகு செரா-6 என்ற மற்றொரு நொதி, சிவப்பணுவின் படலத்தை உள்ளிருந்து தாங்கும் ஸ்பெக்ட்ரின் புரதத்தை வெட்ட, அணு வெடித்து மீரோசோயிட்டுகள் சிதறுகின்றன. அவற்றோடு வெளிப்படும் கழிவுகளுக்கு உடல் காட்டும் எதிர்வினையே நடுக்கமும் காய்ச்சலும்.

இவ்வளவும் நடக்கும் அணுவை நோயாளியின் சிலைடில் பார்க்கலாம் என்று எதிர்பார்க்கும் மாணவர்கள் ஃபால்சிபாரத்தில் ஏமாந்துபோவார்கள். முதிரும் ஒட்டுண்ணி தன் புரதம் ஒன்றைச் சிவப்பணுவின் வெளிப்பரப்பில் சிறு முடிச்சுகளின்மேல் நிறுத்தி, உள்ளுறுப்புகளின் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவரில் அணுவை ஒட்டவைத்துவிடுகிறது. மண்ணீரலுக்குப் போய் வடிகட்டப்படாமல் தப்பிக்க இது ஒரு வழி. ஆகவே விரல்நுனியில் எடுத்த ரத்தத்தில் பெரும்பாலும் வளையங்களே தெரியும். உட்கருக்கள் பெருகிய நிலை அதில் தென்பட்டால் நோய் தீவிரமாகிவிட்டது என்று மருத்துவருக்கு உடனே சொல்ல வேண்டும். சென்னையில் நெடுங்காலமாகப் பெரும்பான்மையாக இருந்துவந்த வைவாக்ஸில் எல்லா நிலைகளும் ஒரே சிலைடில் கிடைக்கும் என்பதால், எங்கள் பயிற்சிக்கு அதுவே வசதி.

மருந்துகள் இந்தச் சுழற்சியின் வெவ்வேறு இடங்களைத் தாக்குகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் மருத்துவக் குறிப்புகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. குளோரோகுவின் ஹீம் படிகமாவதைத் தடுப்பதால் உணவுக் காலத்தில் வேலை செய்கிறது. பைரிமெத்தமின் டி.என்.ஏ.வுக்கான மூலப்பொருள் தயாரிப்பைத் தடுப்பதால் உட்கருக்கள் பெருகும் கட்டத்தில்தான் ஒட்டுண்ணி சிக்கும். ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகள் இளம் வளைய நிலையையும் கொல்வதால், ஒட்டுண்ணி ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டும் முன்பே அதை நீக்கிவிடுகின்றன. தீவிர மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி முதலிடம் பெற்றதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. டாக்ஸிசைக்ளின் செயல்படும் விதம் இவை எல்லாவற்றிலும் வேறுபட்டது. அது ஏபிகோபிளாஸ்டின் புரதத் தயாரிப்பைக் குலைக்கிறது. மருந்து பட்ட ஒட்டுண்ணி அந்தச் சுற்றில் சாகாமல் வழக்கம்போல் உட்கருக்களைப் பெருக்கி, உடலை வெட்டி, வெளியேறி, புதிய அணுக்களுக்குள்ளும் நுழைந்துவிடும். பழுதான ஏபிகோபிளாஸ்டைப் பெற்ற அதன் வாரிசுகள் இரண்டாவது சுற்றில்தான் மடியும். அந்த நான்கு நாள் தாமதம் தீவிர நோயாளிக்குத் தாங்காது என்பதாலேயே டாக்ஸிசைக்ளினைத் தனி மருந்தாகக் கொடுக்காமல், விரைந்து செயல்படும் குயினைன் போன்ற இன்னொன்றோடு சேர்த்தே கொடுக்கிறார்கள்.